செப்டம்பர் கடைசியில் ஐஸ்லாந்து: எட்டு இரவுகளில் எதை விடுவது, எந்த லென்ஸை எடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: செப்டம்பர் கடைசி வாரத்தில் நான்கு பேர், ஒரு கார், எட்டு இரவுகள், ஐஸ்லாந்துத் தீவைச் சுற்றி ஓடும் ரிங் ரோட்டை முழுதாகச் சுற்ற ஆசை, கையில் ஃபுல் ஃப்ரேம் கேமராவும் 24-105 மி.மீ. எஃப் 4 லென்ஸும் உண்டு. அரோராவுக்காக (இரவு வானத்தில் ஆடும் துருவ ஒளி) 14 மி.மீ. லென்ஸ் வாங்கலாமா, அருவிக்கும் கறுப்பு மணல் கடற்கரைக்கும் என்ன செட்டிங், மனைவியிடம் ஃபோன் மட்டும்தான் இருக்கிறது, அது போதுமா. மேலோட்டமாகப் பார்த்தால் லென்ஸ் வாங்குவது பற்றிய கேள்வி. அதற்குள் இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன்: இவ்வளவு பணம் போட்டுப் போகிறோம், பஸ்ஸிலிருந்து இறங்கிப் பத்து நிமிடத்தில் எடுத்த படம் மாதிரி இல்லாமல் நாலு நல்ல படமாவது தேறுமா? கட்டாயம் தேறும். அதைத் தீர்மானிப்பது லென்ஸைவிட உங்கள் பயணத் திட்டம் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ரிங் ரோடு 1,322 கிலோமீட்டர். வந்து இறங்கும் நாளையும் கிளம்பும் நாளையும் கழித்தால் உங்களுக்கு ஏழு முழு நாள். நாளைக்கு 190 கிலோமீட்டர்தானே என்று தோன்றும். இந்தக் கணக்குதான் பலரையும் காலை வாரிவிடுகிறது. பார்க்க ஆசைப்படும் இடங்களில் பாதி அந்தச் சாலையிலிருந்து விலகி இருக்கின்றன. ரெய்க்யாவிக் பக்கத்துக் கோல்டன் சர்க்கிள் சுற்று, மேற்கே ஸ்நைஃபெல்ஸ்னெஸ் தீபகற்பம், வடக்கே தெத்திஃபோஸ் அருவி எல்லாம் சேர்த்தால் மொத்தம் 2,000 கிலோமீட்டரைத் தொடும். தார்ச் சாலையில் உச்ச வேகம் மணிக்கு 90, சரளைச் சாலையில் 80. நடுநடுவே ஒரே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாலங்கள் வரும். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு வலப்பக்கம் ஓட்டுவதே முதல் ஓரிரு நாள் கவனத்தை எல்லாம் வாங்கிக்கொள்ளும். இத்தனையும் போக, படத்துக்கு ஏற்ற வெளிச்சம் இருக்கும் காலையிலும் மாலையிலும் நீங்கள் காருக்குள் இருப்பீர்கள். பேர் பெற்ற இடங்களுக்கெல்லாம் நடுப்பகலில் போய்ச் சேர்வீர்கள். மழையும் மேகமும் ஒரு இடத்தை மூடியிருந்தால் அந்த இடம் அவ்வளவுதான், திரும்பி வர நாள் இருக்காது.

அதனால் என் யோசனை: வடக்கை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். தெற்குக் கரையை மட்டும் எடுத்துக்கொண்டு போன வழியே திரும்புங்கள். ரெய்க்யாவிக்கிலிருந்து வீக் ஊருக்குச் சுமார் 190 கிலோமீட்டர், வீக்கிலிருந்து யோகுல்சார்லோன் பனியாற்று ஏரிக்கு அதே அளவு, அங்கிருந்து ஹோஃப்ன் துறைமுகத்துக்கு 80. முதல் இரவு செல்ஃபோஸ் அல்லது ஹெட்லா பக்கம், அடுத்த இரண்டு இரவு ஸ்கோகர், வீக் பக்கம், அதன் பிறகு மூன்று இரவு யோகுல்சார்லோனுக்கும் ஹோஃப்னுக்கும் இடையில், திரும்பும் வழியில் ஒன்று, கடைசி இரவு திங்வெட்லிர் அல்லது ரெய்க்யாவிக். மூன்று இரவு ஒரே பக்கத்திலா என்று வீட்டில் கேட்பார்கள். ஏரி, பனிக்கட்டிகள் கிடக்கும் கடற்கரை, வத்னாயோகுல் பனிப்பாளத்திலிருந்து இறங்கும் பனி நாக்குகள், வெஸ்ட்ராஹோர்ன் மலை எல்லாம் அங்கே ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் இருக்கின்றன. மூன்று காலை, மூன்று மாலை, மூன்று இரவு கையில் இருந்தால் ஒன்றிலாவது மேகம் விலகும். ஸ்நைஃபெல்ஸ்னெஸில் உள்ள கிர்க்யுஃபெல் மலையைப் பார்க்காமல் எப்படி வருவது என்ற ஏக்கம் வரும். ஹோஃப்னிலிருந்து அது 600 கிலோமீட்டருக்கு மேல். அந்தப் பெயருக்காக ஒரு முழு நாளைக் காருக்குள் கழிப்பது வீண் என்பது என் முடிவு.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. தெற்கிலிருந்து காற்று வீசினால் தெற்குக் கரையில் மழை கொட்டும், மலைக்கு அந்தப் பக்கம் வடக்கு ஓரளவு வெளுத்திருக்கும். வடக்கிலிருந்து வீசினால் நேர்மாறு. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஐஸ்லாந்து வானிலை ஆய்வகத்தின் தளத்தைப் பார்த்து, தெற்கு முழுக்க நாலைந்து நாள் மழை என்று தெரிந்தால் திட்டத்தைத் திருப்பிப் போடலாம். அப்படித் திருப்ப முடிய வேண்டுமானால் ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பதிவு செய்திருக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். கேமராவுக்குப் போடும் காசைவிட அது நல்ல செலவு. இரண்டு மூன்று நாள் தாண்டிய முன்னறிவிப்பை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம், அந்தத் தீவில் அது அடிக்கடி மாறும்.

நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் அருமையானது. ரெய்க்யாவிக்கில் செப்டம்பர் கடைசி வாரத்தில் காலை ஏழரைக்குச் சற்று முன்பு சூரியன் உதித்து, மாலை ஏழேகால் சுமாருக்கு மறையும். யோகுல்சார்லோன் பக்கம் இரண்டுமே இருபது இருபத்தைந்து நிமிடம் முந்தும். நேரத்தைவிட முக்கியமானது சூரியன் இறங்கும் கோணம். சென்னையில் அந்த நாட்களில் சூரியன் மணிக்குச் சுமார் 14.5 டிகிரி என்ற கணக்கில் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குகிறது. 64 டிகிரி வடக்கில் சாய்வாக இறங்குவதால் மணிக்கு 6.5 டிகிரிதான். நம் ஊரில் 25 நிமிடத்தில் முடிந்துபோகும் மஞ்சள் வெளிச்சம் அங்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் நிற்கும். சூரியன் மறைந்த பிறகு வரும் நீல வெளிச்சமும் அதேபோல் இரண்டு மடங்கு நீளம். ஆகவே சூரியன் மறைந்ததும் முக்காலியை மடக்காதீர்கள். மேகத்தின் அடிப்பக்கம் சிவப்பது பெரும்பாலும் அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான். நடுப்பகலில்கூட சூரியன் 26 டிகிரிக்கு மேல் ஏறாது என்பதால் பாறையிலும் பாசியிலும் நாள் முழுக்கப் பக்கவாட்டு வெளிச்சம் விழும். திங்வெட்லிரில் குட்டை பிர்ச் செடிகள் சிவப்பும் ஆரஞ்சுமாக மாறுவதும் இந்த நாட்களில்தான். பஃபின் பறவைகளை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம், அவை ஆகஸ்டிலேயே கடலுக்குப் போய்விடும்.

இனி லென்ஸ். பகல் நேர நிலக்காட்சிக்கு உங்கள் 24-105 தாராளமாகப் போதும். எஃப் எண் லென்ஸின் துளை அளவைச் சொல்வது, எண் சிறுத்தால் துளை பெரிது. எஃப் 8, எஃப் 11 இரண்டுக்குள் வைத்தால் மூலை வரை கூர்மையாக வரும். எஃப் 16க்கு மேல் மூடினால், ஒளி சின்னத் துளையில் பரவும் டிஃப்ராக்‌ஷனால் படம் முழுக்கக் கொஞ்சம் மழுங்கும். அது திணறும் ஒரே இடம் அரோரா. அதற்குத் தனி லென்ஸ் வாங்குவது நியாயமே, ஆனால் 14 மி.மீ.யைவிட 20 மி.மீ. எஃப் 1.8 மாதிரி ஒன்று நல்லது. காரணங்கள் இரண்டு. எஃப் 4இலிருந்து எஃப் 1.8க்குப் போனால் ஏறக்குறைய ஐந்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். 15 விநாடி திறந்து வைக்க வேண்டிய இடத்தில் மூன்று விநாடி போதும். அந்த வித்தியாசத்தில்தான் அரோராவின் திரைச்சீலை மடிப்புகள் தனித்தனியாகத் தெரியும், இல்லாவிட்டால் வானம் முழுக்கப் பச்சைப் புகை மாதிரி கலங்கிப்போகும். இன்னொன்று, 14 மி.மீ.யில் மலை தூரப் போய் எறும்புப் புற்று அளவுக்குச் சிறுத்துவிடும். முன்னால் ஏதாவது அழுத்தமான பொருள் இல்லாவிட்டால் படம் வெறிச்சோடும். அரோரா தலைக்கு மேல் வெடிக்கும் அரிதான இரவில் 14 ஜெயிக்கும், மறுக்கவில்லை. மற்ற இரவுகளில் 20தான். வாங்குவதற்குப் பதில் வாடகைக்குக் கிடைத்தால் 70-200 எஃப் 4 ஒன்றையும் சேர்த்து எடுங்கள். பனி நாக்கின் விரிசல்கள், மலைச் சரிவில் விழும் ஒற்றை வெயில் கீற்று, தூரத்துச் சிவப்புக் கூரை வீடு, செப்டம்பரில் மலையிலிருந்து ஓட்டி வரும் செம்மறி மந்தை எல்லாம் அந்த லென்ஸின் படங்கள். மேகம் மூடி வானம் வெளுத்துக் கிடக்கும் நாளில் வானத்தைத் தவிர்த்துவிட்டுப் படமெடுக்க அதுதான் கைகொடுக்கும்.

ஃபில்டர் மூன்று போதும்: ஒரு போலரைசர், மூன்று ஸ்டாப் என்டி, ஆறு ஸ்டாப் என்டி. என்டி என்பது வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி, ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும். பத்து ஸ்டாப் என்டி வாங்கி வைத்தால் அது பையிலேயே தூங்கும். மேகமூட்டமான பகலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100, எஃப் 11 வைத்தால் ஷட்டர் சுமார் 1/30 விநாடி வரும். மூன்று ஸ்டாப் மாட்டினால் 1/4. பெரிய அருவிக்கு அதுதான் சரியான இடம். 1/4க்கும் 1/2க்கும் நடுவில் தண்ணீர் இழை இழையாக, விழும் வேகத்தோடு தெரியும். இரண்டு விநாடிக்கு மேல் போனால் வெள்ளைத் துணி தொங்குவது போல ஆகிவிடும், ஸ்கோகாஃபோஸ் மாதிரி 60 மீட்டர் உயரமும் 25 மீட்டர் அகலமும் உள்ள அருவியின் பாரம் அதில் காணாமல் போகும். போலரைசர் ஈரப் பாறையின் பளபளப்பைக் குறைத்துப் பாசியின் பச்சையை மேலே கொண்டுவரும். ஆனால் வானவில் இருக்கும்போது அதைச் சுற்றும் கோணத்தைக் கவனியுங்கள். ஒரு கோணத்தில் வானவில் அழுத்தமாகும், இன்னொரு கோணத்தில் அடியோடு மறைந்துவிடும்.

அந்த வானவில்லுக்குக் கணக்கு இருக்கிறது. சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளியிலிருந்து 42 டிகிரி தள்ளி வில் விழும். ஸ்கோகாஃபோஸ் தெற்கைப் பார்த்து விழுகிறது. ஜூன் நடுப்பகலில் அங்கே சூரியன் 50 டிகிரி வரை ஏறுவதால் வில் கண்மட்டத்துக்குக் கீழே தாழ்ந்துவிடும். நீங்கள் போகும் வாரத்தில் அந்தத் தொல்லை இல்லை. வெயில் அடித்தால் பகல் முழுக்க வில் கிடைக்கும். ஒரு மணி சுமாருக்கு, சூரியன் நேர் தெற்கில் இருக்கும்போது, அருவிக்கு நடுவில் நிற்கும். பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை கூட்டமும் மிக அதிகம். கூட்டத்தோடு மல்லுக்கட்டாமல், சிவப்போ மஞ்சளோ போட்ட ஒருவரை அருவிக்கு அடியில் சின்னதாக நிற்க வைத்து எடுங்கள். அருவியின் உயரம் அப்போதுதான் படத்தில் புரியும்.

செல்யாலாந்ஸ்ஃபோஸ் அருவியின் பின்னால் நடந்து போக முடியும். மாலை வெயில் மேற்கிலிருந்து வரும்போது பின்னாலிருந்து எடுக்கும் படம்தான் பலரும் தேடிப் போவது. அங்கே போராட்டம் தண்ணீர்ச் சாரலோடு. லென்ஸில் ஒரு துளி விழுந்தாலே அகலக் கோணத்தில் பெரிய கறையாகத் தெரியும். காற்றடிக்கும் பம்ப் அந்த ஈரத்தை நகர்த்தாது. செய்ய வேண்டியது: ஐந்தாறு மைக்ரோஃபைபர் துணிகளைத் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பல ஜேபிகளில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரேமையும் ஃபோக்கஸையும் முதலிலேயே முடித்துவிட்டு, லென்ஸை ஒரு துணியால் மூடியபடியே காத்திருந்து, துணியை எடுத்து, ஒரு துடை துடைத்து, உடனே மூன்று நான்கு ஃபிரேம் எடுத்து மறுபடி மூடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பெரிதாக்கிப் பார்த்துத் துளி இருக்கிறதா என்று சோதியுங்கள். இரண்டு படங்களில் துளி வெவ்வேறு இடத்தில் விழுந்திருந்தால் பிறகு கணினியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துத் துடைத்துவிடலாம், அதற்காகவே முக்காலியை அசைக்கக் கூடாது. கேமராவுக்கு மழை உறை இல்லையென்றால் ஹோட்டல் குளியலறையில் கிடைக்கும் தலை நனையாமல் மாட்டும் பிளாஸ்டிக் தொப்பியே போதும்.

யோகுல்சார்லோனுக்கு எதிரே உள்ள கடற்கரையைத்தான் டைமண்ட் பீச் என்கிறார்கள். ஏரியில் உடைந்து விழும் பனிக்கட்டிகள் குட்டைக் கால்வாய் வழியாகக் கடலுக்குப் போய், அலையால் கறுப்பு மணலில் திரும்ப ஒதுங்குகின்றன. எந்த நாளில் எவ்வளவு பனி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அலையையும் காற்றையும் பொறுத்து ஒரு நாள் கரை நிறையும், மறுநாள் மொட்டை மணலாக இருக்கும். கால்வாயின் இரண்டு பக்கமும் கடற்கரை உண்டு, ஒன்று காலியாக இருந்தால் மற்றதைப் பாருங்கள். இரண்டுமே காலி என்றால் ஏரிக்கரைக்கு வாருங்கள், அங்கே பனி எப்போதும் இருக்கும். இந்த வாரத்தில் சூரியன் கிழக்கில் உதிப்பதால், கடலைப் பார்த்து நிற்கும் உங்களுக்கு அது இடப்பக்கம் கடல்மேல் எழும். உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். கண்ணாடி மாதிரி தெளிந்த கட்டிகளைத் தேடுங்கள், வெள்ளையாக நுரைத்த கட்டிகளில் வெளிச்சம் ஊடுருவாது. முக்காலியை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, கட்டியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, சூரியன் கட்டிக்குப் பின்னால் வருகிற மாதிரி நில்லுங்கள்.

அலையை எப்போது பிடிப்பது என்பதுதான் அங்கே எல்லாம். அலை ஏறி வரும்போது எடுத்தால் வெறும் வெள்ளை நுரை. அது கட்டியைச் சுற்றி வந்து, கடலுக்குத் திரும்ப ஆரம்பிக்கும் நொடியில் ஷட்டரை அழுத்த வேண்டும். அரை விநாடியிலிருந்து ஒன்றரை விநாடி வரை வைத்தால் நுரை கோடு கோடாகக் கட்டியிலிருந்து கடலை நோக்கி ஓடும். உதயத்துக்கு முன் என்டி தேவைப்படாது, சூரியன் வந்த பிறகு மூன்று ஸ்டாப், நன்றாக ஏறிய பிறகு ஆறு. பத்து அலைக்கு ஒன்று அமையும். முக்காலிக் கால்களை வைத்துவிட்டு அப்படியே விட்டால் முதல் அலையிலேயே அடிமணல் அரித்துச் சாயும். கால்களைக் கையால் அழுத்தி மணலுக்குள் நன்றாக இறக்குங்கள், அலை வந்து போன பிறகு இன்னொரு முறை அழுத்துங்கள், பிறகுதான் படம். பெரிய அலை வந்தால் முக்காலியோடு தூக்கிக்கொண்டு பின்வாங்குங்கள். பனிக்கட்டி மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளவே கூடாது, அலை அடியில் புகுந்தால் அது உருண்டுவிடும். அறைக்குத் திரும்பியதும் முக்காலியின் கால்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். உப்பும் கறுப்பு மணலும் பூட்டுகளுக்குள் போனால் பிறகு திருகும்போது நறநறக்கும். கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள், காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மாற்றுங்கள்.

வீக்குக்குப் பக்கத்தில் உள்ள ரேனிஸ்ஃபியாரா கடற்கரை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்து அலை சாதுவாக வரும், பதினோராவது இருபது முப்பது மீட்டர் மேலேறி ஆளைக் காலோடு இழுக்கும். தண்ணீர் உறையும் குளிர், கடலடி சட்டென்று ஆழம், நீந்தத் தெரிந்தவரும் மீள முடியாது. அங்கே சுற்றுலாப் பயணிகள் இறந்திருக்கிறார்கள். நுழைவில் போக்குவரத்து விளக்கு போல எச்சரிக்கை விளக்கு வைத்திருக்கிறார்கள். சிவப்பு என்றால் மணலில் இறங்காதீர்கள். பச்சையாக இருந்தாலும் கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். வ்யூஃபைண்டரில் கண் வைத்தால் கடல் தெரியாது, ஆகவே ஒருவர் படமெடுக்கும்போது இன்னொருவர் அலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கேமரா தண்ணீரில் போனால் போகட்டும், எடுக்கப் போகாதீர்கள்.

கறுப்பு மணல் கேமராவின் அளவீட்டை ஏமாற்றும். மீட்டர் அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்ப்பதால் வானமும் நுரையும் வெளுத்துப்போகும், எக்ஸ்போஷரை மைனஸ் 0.7இலிருந்து மைனஸ் 1 வரை இறக்குங்கள். பனிப்பாளம் ஃபிரேமை நிறைத்தால் நேர்மாறு, பிளஸ் 1 அல்லது அதற்குச் சற்று மேல். எதற்கும் ஹிஸ்டோகிராமை (படத்தின் இருளும் வெளிச்சமும் எப்படிப் பரவியிருக்கின்றன என்று கேமரா காட்டும் வரைபடம்) பாருங்கள், திரையின் பளிச்சை நம்பாதீர்கள். ரா கோப்பாக, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக, எடுப்பது கட்டாயம்.

அரோராவில் நிச்சயமானது எது, நிச்சயமில்லாதது எது என்று பிரித்துக்கொள்வது நல்லது. செப்டம்பர் கடைசியில் இரவு போதுமான இருட்டு என்பது நிச்சயம். சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரத்தில் பிரகாசமான அரோரா தெரிய ஆரம்பிக்கும், பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை வாய்ப்பு அதிகம். சம இரவு நாட்களை ஒட்டிப் பூமியின் காந்தப்புலக் கொந்தளிப்பு சராசரியாகக் கூடுதல் என்பதும் உறுதி. ஆனால் குறிப்பிட்ட இரவில் வருமா என்று எவரும் உறுதி கொடுக்க முடியாது, கொடுப்பவரை நம்ப வேண்டாம். அந்தக் கொந்தளிப்பை 0 முதல் 9 வரை சொல்லும் கேபி எண் சிறியதாக இருக்கிறதே என்று படுத்துவிடாதீர்கள். ஐஸ்லாந்து அரோரா வளையத்துக்கு நேர் அடியில் இருப்பதால் கேபி 2, 3 போதும். தடுப்பது மேகம். வானிலை ஆய்வகத்தின் மேக வரைபடத்தில் வெள்ளை என்றால் மேகமில்லாத வானம், பச்சை என்றால் மேகம். நிறைய பேர் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள். வெள்ளைப் பகுதி ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் இருந்தால் போங்கள், அதற்கு மேல் என்றால் களைத்த கண்ணோடு இரவில் ஓட்டுவது ஆபத்து.

ஃபோக்கஸை இருட்டுவதற்குள் முடிக்க நினைத்துத் தூரத்து மலையில் வைப்பவர்கள் உண்டு. அதைவிடப் பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை லைவ் வ்யூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை வளையத்தைத் திருப்பி, மேனுவலுக்கு மாற்றி, வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். குளிர் இறங்க இறங்க ஃபோக்கஸ் சற்று நகரும், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை சோதியுங்கள். எஃப் 1.8 அல்லது 2, ஐஎஸ்ஓ 1600, ஐந்து விநாடி என்று தொடங்குங்கள். மங்கலாக, நகராமல் நின்றால் பத்து விநாடி. வேகமாக ஆடினால் ஐஎஸ்ஓ 3200க்கு ஏற்றி இரண்டு விநாடி. ஒயிட் பேலன்ஸ் 3,800 கெல்வின் சுமார். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிடுங்கள், அது ஒவ்வொரு படத்துக்கும் அதே அளவு நேரம் கேமராவைக் கட்டிப்போடும். இருட்டில் திரை மிகப் பிரகாசமாகத் தெரிவதால் படம் நன்றாக வந்ததாக ஏமாறுவீர்கள், ஹிஸ்டோகிராம் இடப்பக்கம் நெருக்கியிருந்தால் ஏற்றுங்கள். பாதி நிலா இருக்கும் இரவைக் கெட்ட இரவு என்று நினைக்க வேண்டாம், மலையிலும் பனியிலும் அதுதான் வெளிச்சம் போடும். யோகுல்சார்லோனில் ஏரிக்கரையில் நின்று வடக்கே பார்த்தால் பனிப்பாளமும் அரோராவும் அதன் பிரதிபலிப்பும் ஒரே ஃபிரேமில் வரும்; வெஸ்ட்ராஹோர்ன் மலையடியில் உள்ள ஸ்டோக்ஸ்னெஸ் கடற்கரையில் நின்றால் அந்த மலையும் அதேபோல் வடக்குப் பக்கம். ஸ்டோக்ஸ்னெஸ் தனியார் நிலம், நுழைவுக் கட்டணம் உண்டு. கறுப்பு மணல் மேட்டுப் புல்லோடு அந்த மலையைக் காலை வெயிலில் எடுப்பதும் அருமையாக வரும்.

காற்றைக் குறைத்து எடை போடாதீர்கள். அங்கே காற்றை விநாடிக்கு மீட்டரில் சொல்வார்கள். 15 என்றால் முக்காலி நடுங்கும், 20க்கு மேல் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். காரின் மூக்கைக் காற்றை நோக்கி நிறுத்துங்கள், ஒரு நேரத்தில் ஒரு கதவு மட்டும், இரண்டு கையாலும் பிடித்துத் திறங்கள். காற்று பிய்த்தெறிந்த கதவுக்குப் பெரும்பாலும் காப்பீடு கிடைக்காது, ஒப்பந்தத்தில் அந்த வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். பையைக் கொக்கியில் தொங்கவிட்டால் அதுவே ஊசலாடி அசைக்கும், தரையைத் தொடும்படி கட்டுங்கள். கேமரா வாரைக் கழற்றிவிடுங்கள், படபடவென்று அடிக்கும். நாலு கூடுதல் பேட்டரிகளை உள்சட்டை ஜேபியில் உடம்புச் சூட்டில் வையுங்கள். நம் கடலோர ஊர்களில் ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் லென்ஸ் பனிக்கும். அங்கே வெளியிலிருந்து சூடான அறைக்குள் நுழையும்போது பனிக்கும். வாசலிலேயே கேமராவை ஜிப் பையில் காற்றைப் பிழிந்து மூடி, உள்ளே ஒரு மணி நேரம் திறக்காமல் வையுங்கள். மெமரி கார்டை முன்பே வெளியே எடுத்துவிடுங்கள், அந்த நேரத்தில் படங்களை இரண்டு இடத்தில் நகலெடுத்துக்கொள்ளலாம்.

சாலையோரம் சட்டென்று நிறுத்திப் படமெடுப்பது அங்கே ஆபத்தானது. ரிங் ரோட்டில் ஓரம் குறுகல், பின்னால் வருபவர் 90இல் வருவார். அடுத்த நிறுத்துமிடம் வரை பொறுங்கள். சாலையை விட்டு வண்டியை இறக்குவது குற்றம், அபராதம் கடுமை. 1783இல் லாகி எரிமலை கொட்டிய லாவா மீது படர்ந்திருக்கும் எல்ட்ஹ்ராய்ன் பாசியைப் பார்த்தால் மெத்தை மாதிரி காலை வைக்கத் தோன்றும், தயவுசெய்து வைக்காதீர்கள். ஒரு காலடித் தடம் ஆற பல பத்தாண்டு ஆகும். ஃபியாத்ரார்க்லியூஃபுர் பள்ளத்தாக்கை 2019இல் பார்வையாளர்கள் மிதித்த சேதத்தால் மூடியே வைத்தார்கள். இப்போது நடைபாதையும் பார்வைத் தளமும் இருக்கின்றன, அங்கிருந்தே நல்ல ஃபிரேம் கிடைக்கும். ட்ரோன் கொண்டுபோனால், யோகுல்சார்லோனும் வத்னாயோகுல் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். பூங்காக்களுக்குள் அனுமதி பெறாமல் பறக்கவிடக் கூடாது. படங்களில் வரும் நீலப் பனிக்குகைகளின் இயல்பான பருவம் நவம்பரிலிருந்து மார்ச் வரை. 2024 ஆகஸ்டில் ப்ரெய்தாமெர்குர்யோகுல் பனியாற்றில் பனி இடிந்து ஒரு பயணி இறந்தார். செப்டம்பரில் யாராவது குகைக்கு அழைத்துப் போகிறேன் என்றால் நான் போகமாட்டேன், உங்களுக்கும் அதையே சொல்வேன்.

உங்கள் மனைவியின் ஃபோன் பகலுக்குப் போதும், சில சமயம் கேமராவைவிட வசதி. வானத்தில் விரல் வைத்து அழுத்தி எக்ஸ்போஷரைப் பூட்டி, சற்று இறக்கி எடுக்கச் சொல்லுங்கள். அருவிக்கு லைவ் ஃபோட்டோவை லாங் எக்ஸ்போஷராக மாற்றும் வசதி இருந்தால் அது சின்ன அளவில் நன்றாகவே வரும். அரோராவுக்குக் கையில் பிடித்து எடுத்தால் கலங்கும். ஃபோன் பிடியோடு ஒரு குட்டி முக்காலி வாங்கி, நைட் மோடில் கிடைக்கும் அதிகபட்ச விநாடியை வைத்து, மூன்று விநாடி டைமரில் எடுத்தால் பச்சை தெளிவாக விழும். கண்ணுக்கு வெளிறிய சாம்பல் மேகமாகத் தெரிவது ஃபோனில் பச்சையாக விழுந்தால் அது அரோராதான். அதனால் இரவில் சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் முதலில் அவர் ஃபோனை வெளியே நீட்டி ஒரு படம் எடுத்துப் பார்க்கட்டும், பச்சை இருந்தால் நீங்கள் கேமராவோடு இறங்குங்கள்.